கூனி வேறு, கிரில் வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மும்பையில் மீன்வளம் படித்தவள் என்பதால் கடலைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்களும் ஆச்சிகளும் வாசலில் நின்றபடியே ஒன்றிரண்டு கேட்பார்கள். திமிங்கிலம் வாயைப் பிளந்து செந்நிறக் கூட்டத்தை விழுங்கும் வீடியோ ஒன்று எல்லார் போனிலும் சுற்றியதிலிருந்து, அந்தக் கூட்டமான கிரில் என்ற இறால் போன்ற பொடிக் கடலுயிர் பற்றிய கேள்விகள் நிற்கவே இல்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துவைத்தேன். கேட்ட மாதிரியே கேள்வியை வைத்து, பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அக்கா, மார்க்கெட்ல குவிச்சு வச்சு விக்கிற ஜவ்ளாதானே கிரில்?

இல்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மராத்தியில் ஜவ்ளா என்று சொல்வது, நம் ஊரில் கூனி, சென்னாக்கூனி என்று சொல்லும் அதே பொடி இறால் கூட்டம். மும்பைக் கரையில் மிகுதியாகக் கிடைப்பது அசிட்டிஸ் இண்டிகஸ் என்ற இனம். கோலி மீனவர்கள் டோல் என்ற நீண்ட பை வலையை ஓதம் ஓடும் திசை பார்த்துக் கடலில் கட்டிவைக்கிறார்கள். தண்ணீரின் வேகமே கூனியை வலைக்குள் தள்ளிவிடும். பொம்பில் மீனும் அதே வலையில்தான் விழும், ஏனென்றால் பொம்பிலுக்குக் கூனிதான் பெரிய தீனி. தின்ன வந்ததும் தின்னப்பட இருந்ததும் ஒன்றாகக் கரைக்கு வந்துசேர்கின்றன.

கிரில் பார்வைக்கு இறால் மாதிரிதான் இருக்கும். இரண்டும் ஓட்டுடலிகள். ஆனால் குடும்பம் வேறு. கூனிக்கு நண்டும் சிங்கி இறாலும் நெருங்கிய சொந்தம், பத்துக்காலிகள் என்ற வரிசையில் எல்லாம் ஒன்றாக வரும். கிரில் தனி வரிசை, யூஃபாசியேசியா என்று பெயர். அடையாளம் காண ஒரு நல்ல வழி செவுள். இறாலைச் சுத்தம் செய்யும்போது தலைப்பக்க ஓட்டைக் கழற்றினால்தான் செவுள் தெரியும். கிரில்லுக்கு அந்த ஓடு பக்கவாட்டில் செவுளை மூடுவதில்லை. கால்கள் தொடங்கும் இடத்தில் இறகு இறகாக வெளியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

வாழும் இடமும் வேறு. கூனி கரையோரத்துக் கலங்கல் தண்ணீரின் பிள்ளை. கழிமுகம், சேறு, ஆழமில்லாத கடல் இவைதான் அதற்கு வீடு. ஆயுளும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். கிரில் இனங்களில் பெரும்பாலானவை ஆழ்கடலை நம்பியவை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "சின்னதா சிவப்பா கூட்டமா இருந்தா கிரில்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டிவிட்டால் இரண்டு உயிர்களின் கதையும் நமக்குத் தெரியாமல் போய்விடும். நம் சட்டியில் வேகும் கூனியின் பிழைப்பு ஒரு மாதிரி, தென்துருவத்துக் கிரில்லின் பிழைப்பு முற்றிலும் வேறு மாதிரி.

கிரில்னு யார் பேர் வச்சாங்க? சிக்கன் கிரில்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

சம்பந்தம் இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. இது நார்வே மொழிச் சொல். மீன்குஞ்சு, பொடிமீன் என்ற பொருளில் மீனவர்கள் வழங்கியது, பிறகு இந்த உயிருக்கே நிலைத்துவிட்டது.

எத்தனை வகை கிரில் இருக்கு?

இதுவரை அறியப்பட்டவை ஏறத்தாழ 86 இனங்கள். அவற்றில் 85 ஒரே குடும்பம். மீதி ஒன்று, பெந்தியூஃபாசியா, ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருட்டில் வாழ்வது, தனிக் குடும்பமாக ஒதுங்கி நிற்கிறது. மற்றவற்றுக்கு உள்ள ஒளியுறுப்புகள் அதற்கு மட்டும் இல்லை.

வீடியோவில் திமிங்கிலம் விழுங்கியது பெரும்பாலும் அண்டார்க்டிக் கிரில், அதாவது யூஃபாசியா சுபர்பா. கிரில் என்று பொதுவாகச் சொன்னால் எல்லார் மனதிலும் வருவதும் அதுதான்.

எவ்வளவு பெருசு இருக்கும்? எத்தனை நாள் உயிரோட இருக்கும்?

அண்டார்க்டிக் கிரில் ஆறு சென்டிமீட்டர் வரை வளரும், ஏறக்குறைய நம் சுண்டுவிரல் நீளம். எடை இரண்டு கிராம் அளவு. இவ்வளவு சிறிய உயிர் ஐந்து, ஆறு ஆண்டு வாழ்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. "எங்க வீட்டுக் கோழியைவிட ஜாஸ்தியா?" என்று ஒருத்தி கேட்டாள். சீக்கிரமே குழம்புக்குப் போகும் கோழியைவிட ஜாஸ்திதான், கண்ணு.

வயதைக் கண்டுபிடிப்பது நெடுநாள் சிக்கலாகவே இருந்தது. மீனுக்குக் காதுக்கல்லில் ஆண்டுக்கோடு உண்டு, மரத்துக்கு வளையம் உண்டு. கிரில் அடிக்கடி ஓட்டைக் கழற்றி எறிவதால் உடம்பில் காலத்தின் தடம் தங்காது என்றே நினைத்தார்கள். கண்ணைத் தாங்கும் காம்பை மெலிதாகச் சீவிப் பார்த்தால் அதில் ஆண்டுக்கோடுகள் இருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டார்கள்.

நீளத்தை வைத்து ஏன் வயதைச் சொல்ல முடியாது என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வருகிறது. கிரில் சுருங்கும். தீனி கிடைக்காத குளிர்காலத்தில் தன் உடம்பையே கரைத்துச் செலவழித்து, அடுத்த ஓட்டை முந்தையதைவிடச் சிறிதாகப் போட்டுக்கொள்ளும். மெலிவது மட்டுமல்ல, நீளமே குறையும். 1982-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தொட்டியில் உணவே கொடுக்காமல் வைத்த கிரில் 211 நாள் உயிரோடு இருந்தது. ஆகவே நான்கு சென்டிமீட்டர் கிரில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அது வளர்ந்துவரும் இளசா, இரண்டு பஞ்சம் பார்த்துச் சுருங்கிய கிழமா என்று நீளத்தால் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்தார்கள். 4,800 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு.

அது என்ன சாப்பிடும்?

தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி, அதிலும் டயாட்டம் என்ற கண்ணாடி ஓட்டுப் பாசி. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளைப் பிடிக்க அதன் முன்னங்கால்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூடையாகின்றன. காலில் மயிர், மயிரில் இன்னும் நுண்மயிர் என்று பின்னிய சல்லடை அது. கூடையை விரித்தால் தண்ணீர் உள்ளே வரும், மூடினால் தண்ணீர் வெளியேறிப் பாசி தங்கும். மாவு சலிப்பதுபோல நொடிக்கு நொடி நடக்கிறது.

குளிர்காலத்தில் தென்துருவக் கடல் உறைந்து, வெயிலும் இல்லாமல் போகும்போது பாசி அருகிவிடும். அப்போது பனிக்கட்டியின் அடிப்பக்கம் படர்ந்த பாசியைக் கால்முனையால் சுரண்டித் தின்னும். தலைகீழாக நின்று கூரையைச் சுரண்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு முதல் குளிர்காலத்தைத் தாண்ட இந்தக் கூரைதான் கதி, ஏனென்றால் அவற்றின் உடம்பில் பெரியவற்றைப் போலக் கொழுப்புச் சேமிப்பு இல்லை. பாசி போதாதபோது பொடி விலங்கு மிதவைகளையும் தின்னும்.

முட்டை எங்கே போடும்?

இதை ஒரு பயணமாகத்தான் சொல்ல முடியும். தென்துருவக் கோடையில் தாய்க் கிரில் கடலின் மேல்மட்டத்தில் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது, 6,000 முதல் 10,000 வரை. முட்டைகள் மேலே தங்குவதில்லை, மூழ்குகின்றன. எழுநூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் என்று இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும்போதுதான் பொரிக்கின்றன.

பொரித்த குஞ்சுக்கு வாய் திறந்து உண்ணும் பருவம் இன்னும் வரவில்லை. முட்டையில் தாய் வைத்த கொழுப்பை மட்டும் கட்டுச்சோறாக வைத்துக்கொண்டு, பருவத்துக்குப் பருவம் ஓடு மாற்றி, மறுபடி மேலே ஏறத் தொடங்குகிறது. வாய் திறக்கும் பருவத்தை எட்டும்போது வெளிச்சமும் பாசியும் உள்ள மேல்மட்டத்துக்கு வந்துசேர வேண்டும். வர நேரமானால் கட்டுச்சோறு தீர்ந்துவிடும்.

ஏன் இந்தப் பாடு? மேல்மட்டத்திலேயே முட்டை மிதந்தால் சொந்தக் கூட்டத்தின் சல்லடைக்கால்களிலேயே சிக்கிப்போகும். அதோடு தென்துருவத்தில் மேல்நீரைவிடக் கீழே வடக்கிலிருந்து வரும் ஆழ்நீர் கொஞ்சம் வெதுவெதுப்பு, அதில் கரு சீக்கிரம் வளரும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கீழே போதிய ஆழம் வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் முட்டை தரையில் போய் உட்கார்ந்து அங்கே இருப்பவற்றுக்கு இரையாகும். எனவே கண்டத்திட்டின் (கரையிலிருந்து நீருக்கடியில் நீளும் ஆழம் குறைந்த தரையின்) விளிம்பும் அதற்கு அப்பாலுள்ள ஆழமும்தான் அதற்கு நல்ல பேறுகால வீடு. கிரில் உலகில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதில் பாதி விடை இந்த முட்டையின் இறக்கத்திலேயே அடங்கியிருக்கிறது.

எல்லாக் கிரில்லும் இப்படி விடுவதில்லை. சில இனங்கள் முட்டைகளை ஒரு பையாக வயிற்றடியில் கட்டிச் சுமக்கும்.

உலகத்துல எங்கெல்லாம் இருக்கு?

எல்லாப் பெருங்கடலிலும் ஏதாவது ஒரு கிரில் இனம் உண்டு. ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் தன் எல்லை தெரியும்.

அண்டார்க்டிக் கிரில் தென்துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் பரவியிருக்கிறது. வளையம் என்றாலும் தடிமன் ஒரே அளவில்லை. தென்னமெரிக்காவின் வால்முனைக்குத் தெற்கே, அண்டார்க்டிக் தீபகற்பத்திலிருந்து தெற்கு ஜார்ஜியா தீவு வரையுள்ள அட்லாண்டிக் பக்கத்தில்தான் பாதிக்கு மேல் குவிந்து கிடக்கிறது. தீபகற்பத்தின் ஓரம் ஆழம் உண்டு, குளிர்காலப் பனி உண்டு, கோடையில் பாசி செழிப்பு உண்டு. தெற்கு ஜார்ஜியாவின் நிலை வேறு. அங்கே கிரில் ஏராளம், ஆனால் அங்கே அது வெற்றிகரமாக இனம் பெருக்குவதில்லை. தெற்கே பிறந்தவற்றை நீரோட்டம் கொண்டுவந்து சேர்க்கிறது. எங்கேயோ பிறந்து இன்னொரு ஊரை நிரப்புவது எப்படி என்று தாராவியில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கண்டத்துக்கு ஒட்டினாற்போல், பனி ஓரத்தில், யூஃபாசியா கிரிஸ்டலோரோஃபியாஸ் என்ற சிறிய பனிக்கிரில் இடம் பிடித்துக்கொள்கிறது. வட அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் மெகானிக்டிஃபேன்ஸ் நார்வேஜிகா. வட பசிபிக்கில் யூஃபாசியா பசிபிகா, இதை ஜப்பானியர்கள் இசாடா என்று சொல்லிப் பிடிக்கிறார்கள். ஆர்க்டிக் ஓரத்தில் தைசனோயெஸ்ஸா இனங்கள். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் நியூசிலாந்திலும் நிக்டிஃபேன்ஸ் ஆஸ்திராலிஸ்.

மேலிருந்து பார்க்கும் வரைபடம் மட்டும் போதாது, ஆழத்தையும் பார்க்க வேண்டும். பல இனங்கள் இரவில் மேலே வந்து தின்று, விடியுமுன் ஆழத்துக்கு இறங்கிவிடும். வெளிச்சத்தில் பறவைக்கும் மீனுக்கும் கண்ணில் படாமலிருக்க இந்தத் தினசரி ஏற்ற இறக்கம். அண்டார்க்டிக் கிரில் மேல் 200 மீட்டரில் வாழ்வது என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 2008-ல் வெளியான ஆய்வில், ஆழ்கடல் கேமராவில் 3,000 மீட்டருக்கும் கீழே, கடல்தரையில், வளர்ந்த கிரில் இரை தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள்.

நம்ம அரபிக்கடல்ல இருக்கா? ஜுஹுல நின்னா தெரியுமா?

அரபிக்கடலில் கிரில் உண்டு. ஜுஹுவில் நின்றால் தெரியாது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்பதற்கு மும்பையின் கடலடியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மும்பைக்கு நேர் எதிரே கண்டத்திட்டு மிக அகலம், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வரை நீள்கிறது. எண்ணெய் எடுக்கும் மும்பை ஹை கரையிலிருந்து 160 கிலோமீட்டர் தாண்டி இருக்கிறது. அங்கேயும் கடல் ஆழம் 75 மீட்டர் அளவுதான். பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி ஒளிந்துகொள்ளும் வழக்கமுள்ள கிரில்லுக்கு இந்தத் திட்டு மொட்டைமாடி மாதிரி. ஆகவே ஆழ்கடல் இனங்கள் திட்டு முடியும் இடத்துக்கு அப்பால்தான். கரைப்பக்கம் வரத் துணியும் சிறிய இனம் ஒன்று உண்டு, சூடியூஃபாசியா லாட்டிஃபிரான்ஸ். அது முட்டையை வயிற்றடியில் சுமப்பது என்பதால் ஆழத்தை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை. அதுகூடக் கூனியைப்போல் கூடைகூடையாக வலையில் விழுவதில்லை.

ஆழத்துக்குப் போனாலும் அரபிக்கடலில் ஒரு தொல்லை. ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை தண்ணீரில் உயிர்வளி மிகக் குறைவு. உலகிலேயே கெட்டியான மூச்சடைப்பு அடுக்குகளில் ஒன்று நம் மேற்குக் கடலில் இருக்கிறது. பல மீன்கள் அதற்குள் போக அஞ்சும். வெப்பமண்டலக் கிரில் இனங்களில் சில பகலில் அங்கே இறங்கி, உடம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்து, இரவில் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. வேட்டைக்காரன் வர முடியாத இடம்தான் அதற்குப் பாதுகாப்பு.

1960-களின் தொடக்கத்தில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது வலைவீசி எடுத்த மிதவை உயிர்களைக் கொச்சியில் கொண்டுவந்து பிரித்தெடுத்தார்கள். நம் கடலில் எந்தக் கிரில் எங்கே என்று இன்று தெரிந்திருப்பதில் பெரும்பங்கு அந்தப் புட்டிகளிலிருந்து வந்தது. நுண்ணோக்கிக்கு முன்னால் கழுத்து வலிக்கக் குனிந்திருந்த அந்த ஆட்களை நான் நன்றியோடு நினைப்பதுண்டு.

தென்துருவக் கிரில் இங்கே நீந்தி வராதா என்றும் கேட்டார்கள். வராது. நான்கைந்து டிகிரி செல்சியஸைத் தாண்டிய நீரில் அது நிலைப்பதில்லை. நம் கடலின் மேல்நீர் அதற்குக் கொதிநீர்.

மழைக்கு அப்புறம் கடல் நீலமா மின்னுச்சே, அது கிரில்லா?

இல்லை. 2020 நவம்பரில் மகாராஷ்டிரக் கரையோரம் பல இடங்களில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, அது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிர். தண்ணீர் கலங்கும்போது மின்னும்.

கிரில்லும் ஒளிரும் என்பது உண்மை. அண்டார்க்டிக் கிரில்லுக்குப் பத்து ஒளியுறுப்புகள் உள்ளன. கண்காம்பில் ஒரு ஜோடி, கால்கள் தொடங்கும் இடத்தில் இரண்டு ஜோடி, வயிற்றடியில் வரிசையாக நான்கு. வெளிச்சம் பெரும்பாலும் கீழ்நோக்கி விழும். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு மேலே வானத்து வெளிச்சமும் இதன் வயிற்று வெளிச்சமும் ஒன்றாகத் தெரிந்தால் நிழல் மறைந்துவிடும் என்பது ஒரு விளக்கம். கூட்டத்தில் ஒன்றையொன்று அடையாளம் காண என்பது இன்னொன்று.

கூட்டம் எவ்வளவு அடர்த்தி?

ஒரு கன மீட்டரில் பத்தாயிரத்துக்கு மேல், சில இடங்களில் முப்பதாயிரம் வரை. தண்ணீர் வைக்கும் ஆயிரம் லிட்டர் கறுப்பு டாங்க்கில் முப்பதாயிரம் உயிர் நீந்துவதாகக் கற்பனை செய்தால் சரி. கடலே செந்நிறமாகத் தெரியும். ஆபத்து வந்தால் வாலை மடக்கி அடித்துப் பின்பக்கமாகப் பாயும். சில வேளை பாயும் அதே நொடியில் ஓட்டைக் கழற்றி விட்டுவிட்டுப் போகும். துரத்தியவன் வெற்று ஓட்டைக் கவ்வுவான்.

ஒரு திமிங்கிலம் ஒரு நாளைக்கு எவ்வளவு கிரில் தின்னும்?

நான்கு டன் என்று பழைய நூல்களில் இருக்கும். 2021-ல் திமிங்கிலங்களின் முதுகில் கருவி ஒட்டி அளந்த ஆய்வில், கலிஃபோர்னியாப் பக்கத்து நீலத்திமிங்கிலம் நன்றாக மேயும் நாளில் 16 டன் வரை விழுங்குவதாகக் கண்டார்கள்.

திமிங்கிலம் மட்டுமல்ல. பெங்குவின், கடற்பறவை, மீன், கணவாய் என்று தென்துருவமே அதை நம்பியிருக்கிறது. நண்டுண்ணி சீல் என்ற ஒன்று உண்டு. பெயர்தான் அப்படி, அது நண்டே தின்பதில்லை. கிரில்லை வடிகட்டத் தோதாக அதன் பற்கள் இடுக்கு இடுக்காகச் செதுக்கினாற்போல் இருக்கும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். 2015 ஜூனில் அலிபாக் அருகே ரேவ்தண்டாவில் நீலத்திமிங்கிலம் ஒன்று கரையொதுங்கியது. அப்படியென்றால் நம் கடலிலும் நீலத்திமிங்கிலம் உண்டு. அது என்ன தின்கிறது? இலங்கையைச் சுற்றியுள்ள நீலத்திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்து, இலங்கை விஞ்ஞானி ஆஷா டி வோஸும் கூட்டாளிகளும் மரபணுச் சோதனை செய்து 2018-ல் எழுதினார்கள். அதில் முதன்மையாக இருந்தது கிரில் இல்லை, செர்ஜெஸ்டிட் இறால். நம் கூனி சேர்ந்திருக்கும் அதே பெருங்குடும்பம். முதல் கேள்விக்கு வந்த ஆச்சிக்கு இதைச் சொன்னபோது, "அப்போ நாம திங்கிறதும் திமிங்கிலம் திங்கிறதும் ஒரு சாதிதானா" என்றார். ஏறக்குறைய அப்படித்தான், ஆச்சி. கிரில் என்று நினைத்துத் தேடிய இடத்தில் கூனியின் உறவு நின்றது.

திமிங்கிலத்தை அவ்வளவு கொன்னாங்களே, அப்போ கிரில் பெருகியிருக்கணுமே?

ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டது. இந்த வயதில் இப்படி யோசிக்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. விஞ்ஞானிகளும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தென்னரைக்கோளத்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அண்டார்க்டிக் நீலத்திமிங்கிலம் முன்பிருந்ததில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. தின்பவன் போனால் தீனி மிஞ்ச வேண்டும். அப்படிப் பெருகியதாகத் தெரியவில்லை.

பதில் இரும்பில் இருக்கலாம் என்கிறார்கள். தென்பெருங்கடலில் மற்ற சத்துகள் ஏராளம், இரும்பு மட்டும் பஞ்சம். இரும்பு இல்லாமல் பாசி வளராது. கிரில் தின்ற திமிங்கிலத்தின் சாணத்தில் சுற்றுக்கடல் நீரில் இருப்பதைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு இரும்பு செறிந்திருக்கிறது. திமிங்கிலம் மேல்மட்டத்தில் கழிக்க, அது பாசிக்கு உரமாக, பாசி கிரில்லுக்குத் தீனியாகச் சுழன்றது. ஆட்டுக்கிடை போட்ட வயல் விளைவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிடையை ஓட்டிவிட்டால் வயலும் இளைக்கும். திமிங்கில வேட்டைக்கு முன் அங்கே திமிங்கிலங்கள் ஆண்டுக்கு 43 கோடி டன் கிரில் தின்றிருக்கும் என்று அந்த 2021 ஆய்வு கணித்தது. இன்று அண்டார்க்டிக் கிரில் மொத்த எடையே 37.9 கோடி டன் என்பதுதான் பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு.

இரும்பைக் கொட்டிப் பார்த்த ஆய்வுகளில் ஒன்றில் நமக்கும் பங்குண்டு. 2009 தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மானியரும் சேர்ந்து போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய்த் தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைக் கரைத்தார்கள். பெயரே லோஹாஃபெக்ஸ், இந்தி லோஹாவிலிருந்து. பாசி பெருகியது. ஆனால் டயாட்டம் அல்ல, ஏனெனில் அந்த நீரில் அதன் கண்ணாடி ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கா இல்லை. வந்த பாசியைப் பொடி ஓட்டுடலிகள் மேய்ந்து தீர்த்தன. இரும்பு மட்டும் போட்டால் பழைய கடல் திரும்பிவிடாது என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

கிரில்லையும் பிடிக்கிறாங்களா?

பிடிக்கிறார்கள். 1970-களில் சோவியத் கப்பல்கள் பெரிய அளவில் தொடங்கின. 1982 வாக்கில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன்னைத் தாண்டியது. அதே ஆண்டு அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பினர். இன்று அதிகம் பிடிப்பது நார்வே, அடுத்து சீனா, தென்கொரியா முதலானவை. பெரும்பகுதி மீன்பண்ணைத் தீவனமாகவும் எண்ணெயாகவும் போகிறது.

அட்லாண்டிக் பக்கத்துக்கு நடைமுறை வரம்பு 6,20,000 டன். மொத்த இருப்போடு ஒப்பிட்டால் சிறிய எண் என்று வாதிடுவார்கள். எனக்கு அந்த வாதம் போதவில்லை. பிரச்சினை எண்ணில் இல்லை, இடத்தில். குஞ்சு பொரித்த பெங்குவின் வெகுதூரம் போக முடியாது, கரைக்கு அருகே அந்த வாரம் கிரில் இருக்க வேண்டும். கப்பலும் கூட்டம் அடர்ந்த அதே இடத்தைத்தான் தேடிவரும். பிடிப்பைப் பல பகுதிகளுக்குப் பிரித்துவைத்த விதி 2024-ல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. அடுத்த ஆண்டே ஆகஸ்ட் தொடக்கத்தில் வரம்பு எட்டப்பட்டு அந்தப் பருவம் முன்கூட்டி மூடப்பட்டது.

இந்தியா வணிக அளவில் கிரில் பிடிப்பதில்லை. 1995-96-ல் சாகர் சம்பதா ஆய்வுக் கப்பல் கிரில்லுக்காகவே தென்பெருங்கடலுக்குப் போய்வந்தது.

சூடாகுதே பூமி, கிரில் குறையுதா?

இதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்காமல் சொல்கிறேன். 2019-ல் வெளியான ஆய்வு, அட்லாண்டிக் பக்கத்தில் 90 ஆண்டுகளில் கிரில்லின் மையம் ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்திருப்பதாகச் சொல்கிறது. பனிக்கூரை குறைந்தால் குஞ்சுகளின் முதல் குளிர்காலம் கடினமாகும் என்பதோடு இது பொருந்துகிறது. 2018-ல் வந்த வேறொரு ஆய்வு, 1976 முதல் 2016 வரை அடர்த்தியில் சரிவு காணவில்லை என்றது. பழைய காலத்து வலைகள் பலவிதம் என்பதால் ஒப்பிடுவது எளிதல்ல. நகர்வு நடக்கிறது என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். தெற்கே நகர்ந்து நகர்ந்து போனால் ஒரு கட்டத்தில் கண்டமே குறுக்கே நிற்கும், அதற்கு மேல் போக இடமில்லை.

மெடிக்கல்ல கிரில் ஆயில் மாத்திரை விக்கிறாங்க, வாங்கலாமா?

அதில் ஒமேகா-3 உண்டு, செந்நிறத்துக்குக் காரணமான அஸ்டாசாந்தின் உண்டு. விலையும் உண்டு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், இங்கே தார்லி என்று விற்கும் சாளையும் பாங்டா என்று விற்கும் அயிலையும் அதே சத்தைக் குறைந்த காசில் தரும், குழம்பும் ருசிக்கும்.

கிரில்லைக் குழம்பு வைக்கலாமா?

மனிதர்கள் உண்ணத்தான் செய்கிறார்கள், ஆனால் கூனி மாதிரி அப்படியே அள்ளிப் போட முடியாது. அண்டார்க்டிக் கிரில்லின் ஓட்டில் ஃபுளூரைடு மிகுதி, செத்ததும் சதைக்குள் இறங்கும். அதன் குடலிலுள்ள செரிமான நொதிகளும் வெகுவேகம், சில மணி நேரத்தில் தன் உடம்பையே கரைத்துவிடும். அதனால் கப்பலிலேயே உடனுக்குடன் ஓடு நீக்கவோ பதப்படுத்தவோ வேண்டும்.

மும்பையில எங்கே போனா கிரில்லைப் பாக்கலாம்?

உயிரோடு பார்க்க இங்கே வழியில்லை. ஆனால் கிரில் எது இல்லை என்பதைக் கையால் தொட்டுப் படிக்கலாம். காய்ந்த ஜவ்ளா வேண்டாம், கால் எல்லாம் ஒடிந்திருக்கும். விடியற்காலை சசூன் டாக்கிலோ வெர்சோவாவிலோ ஈர ஜவ்ளா கொஞ்சம் வாங்குங்கள். வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டை மிதக்கவிட்டு, பூதக்கண்ணாடியால் பாருங்கள். தலைப்பக்க ஓடு செவுளை மூடியிருக்கும். வால் இதழில் செம்புள்ளிகள் இருக்கும். பிறகு ஊசிமுனையால் மெதுவாக விரித்து நடக்கும் கால்களை எண்ணுங்கள். மற்ற இறாலுக்கு ஐந்து ஜோடி, கூனிக்குக் கடைசி இரண்டும் இல்லாமல் மூன்றே ஜோடி. போன ஞாயிறு பன்னிரண்டு பிள்ளைகள் எண்ணினார்கள். பதினொரு பேருக்கு மூன்று வந்தது, ஒருத்திக்கு மீசையையும் சேர்த்து நான்கு வந்தது. அவளுக்கு இந்த வாரம் இன்னொரு கூனி எடுத்துவைத்திருக்கிறேன்.